எண்ணூர்ச் சாலையோரத்து மீன் கடை: நேர்மைக்கு ஐந்து, ஐஸுக்கு இரண்டு

ஆறு ஆண்டுகளாக நான் மீன் வாங்கும் சிறு கடை இது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய வாரம், இங்கு வாங்கிய மடவையைக் குழம்பில் போட்டதும் மண்ணெண்ணெய் வாடை எழுந்தது. திருப்பிக் கொண்டுபோனபோது கடைக்கார அக்கா மறுபேச்சின்றிப் பணத்தைத் தந்ததோடு, மீதமிருந்த ஒன்றின் செவுள் மூடியைத் தூக்கி, சிவந்த இழைகளுக்கிடையே கறுப்பாய் ஒட்டியிருந்த படலத்தையும் காட்டினார். அப்படிப் படிந்தால் மீனுக்கு மூச்சு முட்டும்.

செவுள் சுத்தமாக இருந்துவிட்டால் மட்டும் மீன் நலமாக இருப்பதாகக் கொள்ள முடியாது. எண்ணெயிலுள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் என்னும் நச்சுப் பொருள்களை மீனின் கல்லீரல் சிதைத்துப் பித்தநீர் வழியே வெளியேற்றினாலும், அந்த வேலையே அதற்குக் கேடாகலாம். மட்டிகளுக்கோ அந்தத் திறன் குறைவு என்பதால் நச்சு அவற்றின் உடலில் நெடுநாள் தங்கும். (நான் மட்டி வாங்குவதை அப்போதே நிறுத்திவிட்டேன்.) பெரிய அடி விழுவது முட்டைகளுக்குத்தான்: 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் கச்சா எண்ணெயைக் கொட்டியதன் பின் நடந்த ஆய்வுகளில், மிகக் குறைந்த அளவு எண்ணெயே ஹெர்ரிங் மீன் கருக்களின் இதயத்தைச் சீர்குலைப்பது தெரியவந்தது.

இன்று இக்கடையில் எந்த மீன் எங்கே பிடிபட்டது என்று கேட்டால் பதில் கிடைக்கிறது. ஐஸ்தான் போதவில்லை, பத்து மணிக்கு மேல் போகாதீர்கள்.