அப்பாவின் மழைமானியும் என் போனில் இருக்கும் புயல் செயலியும்

இலங்கை மலைநாட்டில், பண்டாரவளைப் பக்கம் ஏ.எல். (உயர்தர) பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். செய்மதிப் படத்தில் புயலைக் காட்டும் செயலி என்றால் விடுவேனா? ஒரு வருசத்துக்கு மேலாகப் பாவிக்கிறேன். பெயர் வேண்டாம், இந்த வகையில் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

கடலைப் பார்க்க இது தங்கம். அத்திலாந்திக்கில் சூறாவளி வந்தால் அமெரிக்கர்கள் அதற்குள்ளேயே விமானத்தை ஓட்டி அளக்கிறார்கள். வங்காள விரிகுடாவில் அந்த வழக்கம் இல்லை. முகில் சுருண்டிருக்கும் அழகை வைத்தே பலத்தை மதிக்கிறார்கள்; 1970களில் டுவோராக் என்ற அமெரிக்கர் வகுத்த முறை அது. ஜப்பானின் ஹிமவாரி செய்மதி 10 நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் கிழக்குக் கரையை ஒட்டி நகர்ந்ததை லயத்து இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்தே பார்த்தேன்.

மலைக்கு வந்தால்தான் தகராறு. ஹிமவாரி நிற்பது கிழக்கே 140.7 பாகையில், நாம் இருப்பது 81இல். அது எங்களைச் சரிவாகப் பார்ப்பதால் உயரமான முகில் 20, 30 கிலோமீட்டர் மேற்கே தள்ளித் தெரியும். பண்டாரவளைக்கு மேல் நிற்பதை நுவரெலியாவில் காட்டும்.

மழை அளவு இன்னும் மோசம். அகச்சிவப்புப் படம் முகிலின் தலையைத்தான் பார்க்கிறது. தலை குளிர்ந்திருந்தால் கடும் சிவப்பு, பெருமழை என்று கணக்கு. மலையில் மோதித் தாழ்வாகவே நிற்கும் முகிலின் தலை அவ்வளவு குளிராது, அதனால் வெறும் சாம்பல் நிறம். ஆனால் கொட்டித் தீர்த்துவிடும். அப்படி ஒரு காலை செயலி 12 மில்லிமீட்டர் என்றது. அப்பா தோட்டத்தில் மழைக்கணக்கு எழுதியவர், இப்போதும் வாசலில் மழைமானி வைத்திருக்கிறார். அளவுக் கிளாஸைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஊற்றி ஊற்றிக் கூட்டினார். 84. “ஏன்டா தம்பி, ஒன் செய்மதிக்கு எங்க மலை தெரியலையா?”

இன்னொரு குறை, நேரம் கிரீன்விச் கணக்கில் வருகிறது. 00:40 என்றிருந்ததை நள்ளிரவு என்று நினைத்துவிட்டேன். இங்கே அது காலை ஆறு பத்து. தமிழும் இல்லை. படத்தை ஓடவிட்டால் டேட்டா கரைந்துவிடும்.

டித்வா இரவில் கரண்ட் போனது, அப்புறம் சிக்னலும் போனது. திரையில் கடைசிப் படம் அப்படியே உறைந்து நின்றது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் மண்சரிவு மஞ்சள் எச்சரிக்கை, 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு. அப்பா டோர்ச்சோடு மழைக்குள் போய்ப் போய் அளந்தார். நூறைத் தாண்டியதும் சாமான் எதையும் எடுக்கவிடாமல் எங்களைப் பாடசாலைக்கு ஏற்றிவிட்டார்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். இலவசப் பதிப்பே போதும், காசு கட்டாதீர்கள். இரண்டு நாளுக்கு முன்னமே புயல் வருகிறதா என்று பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பின்னால் மண்மேடு இருந்தால் ஒரு மழைமானியும் வாங்குங்கள்.