ஜிர்கோனியா ஃபர்னஸுக்கு வாங்குன மாலிப்டினம் டைசிலிசைடு எலிமென்ட், 8 மாசம் ஓட்டிட்டு எழுதறேன்

தர்மபுரில சின்னதா பல் லேப் வெச்சிருக்கேன். ஜிர்கோனியாங்கிற வெள்ள செராமிக்ல செஞ்ச பல் கேப்ப வேக வெக்கிற ஃபர்னஸ்ல (மின்சார சூளை) மொத்தம் 4 எலிமென்ட், அதாவது சூடேத்துற கம்பி, பழைய செட்டு போனதும் ஃபர்னஸ் கம்பெனில சொன்ன ரேட்ட கேட்டு தலை சுத்திருச்சு, சரின்னு பெங்களூர்ல ஒரு டீலர்கிட்ட அதே அளவுல 1800 கிரேடு யூ ஷேப் ஆர்டர் போட்டேன். 1800ங்கிறது எலிமென்ட் தாங்குற அதிகபட்ச சூடு, டிகிரி செல்சியஸ்ல, ஃபர்னஸ் உள்ள அதவிட 100 கம்மியா வெச்சுக்கங்க. நமக்கு 1500 போதும்.

வந்த நேரம் மாங்கா சீசன், கிருஷ்ணகிரி ரூட்டு பார்சல் லாரில எது மேல எத அடுக்குவாங்கன்னு நான் சொல்லணுமா. டப்பாவ தூக்கும்போதே உள்ள சிலுக்குன்னு ஒரு சத்தம், வயிறு கலங்கிருச்சு. பிரிச்சா ஒண்ணு கழுத்துலயே ரெண்டு துண்டு, சுத்தி இருந்தது ஒரே ஒரு தெர்மாகோல். ஃபோன் போட்டா "நாங்க நல்லாதாங்க அனுப்புனோம்"னு அதே பாட்டு, மாத்தி வாங்க 3 வாரம் ஆச்சு. அந்த ஒண்ண நானே பெங்களூர் போய் பஸ்ல மடில வெச்சு எடுத்துட்டு வந்தேன். ஏன்னா இது உலோகமும் சிலிக்கானும் கூடுன இன்டர்மெட்டாலிக், கூட கொஞ்சம் கண்ணாடி மாதிரி செராமிக் கலந்தது, ஆறி இருக்கும்போது அப்பளம்தான், 1000 டிகிரி தாண்டுனாதான் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும்.

வேலையில குறை சொல்ல முடியாது. முதல் தடவ காலியா ஓட்டுனேன், மங்கலா சாம்பல் கலர்ல இருந்த கம்பி அடுத்த நாள் மெருகு போட்ட மாதிரி பளபளன்னு இருந்துச்சு. அது மேல படியற சிலிக்கா தோல், உள்ள ஆக்சிஜன விடாது, அதான் இவ்ளோ சூட்டுல தாங்குது.

ஆனா டீலர் குடுத்த பேப்பர்ல ஒரு முக்கியமான விஷயம் இல்லவே இல்ல. காலைல சீக்கிரம் ஏறட்டும்னு நான் நைட்டெல்லாம் 500ல விட்டு வெப்பேன். ரெண்டு மாசத்துல தட்டுல மஞ்சளா மாவு மாதிரி கொட்டி கிடக்குது, கேப்பெல்லாம் லேசா பச்ச மஞ்சளா வருது, டாக்டர் ஃபோன் பண்ணி "என்னங்க, வெத்தல போட்ட பல்லு மாதிரி இருக்கு"ன்னாரு, மானமே போச்சு. ஓசூர்ல ஃபர்னஸ் மெயின்டனன்ஸ் பண்ற என் மச்சான்தான் சொன்னான், 400லருந்து 600 வரைக்கும் அந்த தோல் சரியா பிடிக்காதாம், கம்பி ஆக்சைடா மாறி பொடியா உதிருமாம், பெஸ்டிங்னு பேரு. சிலிக்கான் நைட்ரைடு கலந்தா இப்படி உதிர்றது நின்னுரும்னு ஆராய்ச்சில கண்டுபிடிச்சிருக்காங்களாம், நம்ம கைக்கு வர்றது சாதா சரக்குதான். அதனால அந்த ரேஞ்ச்ல நிறுத்தாம தாண்டிருங்க. நான் பொடிய தொடச்சிட்டு ரெண்டு தடவ காலியா 1500க்கு மேல ஓட்டுனேன், கலர் பழையபடி ஆயிருச்சு. கலர் லிக்விட் போட்ட கேப்பையும் நல்லா காய வெச்சு உள்ள விடுங்க, அந்த லிக்விட்ல இருக்கற ஆசிட் கம்பி மேல இருக்கற சிலிக்கா தோல தின்னுடும்.

இன்னொரு நல்லது, சிலிக்கான் கார்பைடு ராடுன்னு இன்னொரு வகை சூடேத்துற கம்பி இருக்கு, அதுக்கு வயசாக வயசாக ரெசிஸ்டன்ஸ் (கரண்ட தடுக்கற குணம்) ஏறும், இதுக்கு அப்படி ஏறாது, அதனால உடைஞ்சத மட்டும் மாத்துனா போதும், செட்டா மாத்த வேண்டியதில்ல.

எலிமென்ட்டுக்கு 5க்கு நாலரை, பேக்கிங்குக்கு 1. அடுத்த தடவையும் அங்கதான் வாங்குவேன், பஸ் டிக்கெட்டயும் சேத்துதான் ரேட் கணக்கு போடுவேன்.