தண்டையார்பேட்டையில் ஹீட் பைண்டிங் செய்யப் போனால்

ஊருக்குப் போகும்போது பல் டாக்டர், மூக்குக் கண்ணாடி, பிளவுஸ் தைக்கக் கொடுப்பது என்று எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். இந்தத் தடவை என் பட்டியலில் முதலில் நின்றது பைண்டிங். வீட்டுப் பத்திரங்களை நகலெடுத்துப் பொன்னேரியில் இருக்கும் அண்ணனுக்கு ஒன்று, மெல்போர்ன் தங்கைக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று மூன்று செட் போட வேண்டும். அம்மாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் ஒரு துணிக்கடைப் பையில் கிடக்கின்றன, அவற்றை டாக்டர் புரட்டிப் பார்க்கிற மாதிரி வரிசைப்படுத்த வேண்டும். அப்புறம் அம்மா ஒரு காலத்தில் வாரப் பத்திரிகைகளில் இருந்து வாரா வாரம் கிழித்துச் சேர்த்த தொடர்கதைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன, அதற்கும் ஒரு வழி பண்ண வேண்டும்.

ஸ்பைரல் போட்டால் என்ன என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். பக்கத்துத் தெருவுக்குப் போவதற்கு ஸ்பைரல் சரி. சூட்கேஸில் போட்டு ஐரோப்பா வரைக்கும் கொண்டுபோனால் அந்தச் சுருள் நசுங்கி, பக்கம் திரும்பாமல் மாட்டிக்கொண்டு, கடைசியில் ஓட்டையோரமாகக் கிழிந்துபோகும். நெதர்லாந்தில் ஐந்தோவன் ஊரில் எங்கள் ஆபீஸில் ஹீட் பைண்டிங் மிஷின் ஒன்று இருக்கிறது, அதில் போட்ட அறிக்கைகள் தட்டையாக, அலமாரியில் புத்தகம் மாதிரி நிற்கும். அதே வேலையை ஊரில் செய்துகொண்டால் செலவும் கம்மி, பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அலையவும் வேண்டாம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹீட் பைண்டிங் அட்டை கடையில் வாங்கும்போதே முதுகின் உட்பக்கம் ஒரு பட்டையாகப் பசை ஓட்டியிருக்கும், சாதாரணச் சூட்டில் அது காய்ந்த மெழுகு மாதிரி கெட்டியாக இருக்கும். தாள்களை உள்ளே வைத்து முதுகு கீழே இருக்கும்படி மிஷினில் நிறுத்தினால் அடியில் இருக்கும் தகடு சூடாகிப் பசை இளகித் தாள்களின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நிமிஷ வேலை. ஆனால் வெளியே எடுத்த பிறகு ஆறவிடுவது அதைவிட முக்கியம், பசை மறுபடி இறுகினால்தான் அது பைண்டிங், அதுவரை அது அட்டைக்குள் செருகிய காகிதக் கட்டுதான்.

தண்டையார்பேட்டையில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் வேலை எல்லாம் செய்து தரும் கடை ஒன்றில் கேட்டேன். இருக்கு என்றார்கள். ஸ்பைரல் என்றால் 40 ரூபாய், இது அட்டையோடு 120. ஊர் விலை என்று நினைத்தால் கூடுதல், நான் இருக்கும் இடத்தோடு பார்த்தால் டீ செலவு, அதனால் பேரம் பேசவில்லை. நகலெடுத்த வேலையில் குறையே சொல்ல முடியாது. பத்திரங்கள் லீகல் சைஸில் இருக்கும், பைண்டிங் அட்டையோ ஏ4, அதனால் நான் சொல்வதற்கு முன்னாலேயே கடைப் பையன் சைஸைச் சுருக்கி, இடது பக்கம் கொஞ்சம் அதிகமாக ஓரம் விட்டு, முத்திரைத் தாளின் பின்பக்கம் இருக்கும் பதிவு அலுவலக எழுத்தையும் விடாமல் எடுத்தான். வில்லங்கச் சான்றை நான் பதிவுத்துறை இணையதளத்தில் இருந்து இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அதையும் சரியான இடத்தில் செருகிவிட்டான். இவ்வளவு நறுவிசாக வேலை செய்கிற பிள்ளை பைண்டிங்கில் கோட்டைவிடுவான் என்று யாருக்குத் தோன்றும்?

மிஷினில் இருந்து எடுத்த கையோடு அடுத்த செட்டை உள்ளே வைத்தான். எடுத்ததைக் கவுண்டரில் படுக்கப் போட்டான். "சூடு ஆறிடுச்சுக்கா, எடுத்துனு போங்க" என்றான். ஃபேன் கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை, மே மாசம், கடைக்குள் நிற்கிற மனுஷனுக்கே பசை இளகுகிறது. வீட்டுக்கு வந்து அம்மா நடுப்பக்கத்தைப் பிரித்ததும் பட்டாவும் அதற்கடுத்த ஏழெட்டுத் தாளும் கொத்தாகக் கையோடு வந்துவிட்டன. "இன்னாடி இது, அதுக்குள்ள வாயப் பொளந்துடுச்சு" என்றார்.

பிரித்துப் பார்த்தால் காரணம் நன்றாகத் தெரிந்தது. முதுகின் உள்ளே பசைப் பட்டையில் மற்ற தாள்கள் பதிந்த கோடு கோடாகத் தடம் இருந்தது, இந்தக் கொத்து இருந்த இடம் மட்டும் வழவழவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. அதாவது அந்தத் தாள்கள் பசையைத் தொடவே இல்லை. அட்டைக்குள் வைப்பதற்கு முன்னால் காகிதக் கட்டை மேஜையில் தட்டிச் சமப்படுத்த வேண்டும், சூடு ஏறியதும் மிஷினில் இருந்து எடுத்து முதுகைக் கீழே வைத்து இன்னொரு தடவை லேசாகத் தட்டினால் எல்லாத் தாளும் இளகின பசைக்குள் இறங்கும், அப்படியே நிறுத்திவைத்து ஆறவிட வேண்டும். இதில் எதுவும் நடக்கவில்லை. அட்டையும் பெரிசு. சாதாரண 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் பத்து சேர்ந்தால் ஏறக்குறைய 1 மி.மீ. கனம் வரும், என் கட்டில் முப்பது தாள்கூட இல்லை, 3 மி.மீ. முதுகு போதும். கையில் இருந்த 6 மி.மீ. அட்டையைப் போட்டுவிட்டார்கள். தாள்கள் உள்ளே சாய்ந்து நின்றால் பசை எங்கே பிடிக்கும்?

திரும்ப எடுத்துக்கொண்டு போனேன், சண்டை போடுகிற எண்ணமெல்லாம் இல்லை. இந்த முறையில் இருக்கும் பெரிய சௌகரியமே அதுதான், அதே அட்டையை மறுபடி சூடுபண்ணினால் பசை இளகும், விட்டுப்போன தாளைச் செருகலாம், வேண்டாததை உருவலாம். சரியான அட்டையில் மாற்றிப் போடச் சொல்லி, தட்டச் சொல்லி, ஆறுகிற வரைக்கும் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஓனர் கொஞ்சம் முறைத்தார், அப்புறம் அவரே மோர் வாங்கிக் கொடுத்தார். காசு கூடக் கேட்கவில்லை. மூன்று செட்டும் இப்போது இரும்பு மாதிரி நிற்கின்றன, அதனால் கடைக்காரர்களுக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன், பின்னால் வரிசையில் பத்து பேர் நிற்கும்போது ஆறவிடுகிற நேரம்தான் முதலில் காவு போகிறது. நீங்கள் கூட்டம் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்துப் போங்கள்.

அசல் பத்திரத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பசைக்குக் காட்டாதீர்கள். நாளைக்கு பேங்கில் கேட்பார்கள், சார்பதிவாளர் ஆபீஸில் கேட்பார்கள், ஒவ்வொரு தாளாக ஸ்கேன் பண்ண வேண்டி வரும். அது கவரில் தனியாகத் தூங்கட்டும்.

அம்மாவின் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் வேறு ஒரு சிக்கல், இதை அந்தப் பையன்தான் கண்டுபிடித்தான், அதனால் அவனுக்கு முன்னால் சொன்ன குற்றத்தில் பாதி கழித்துவிடலாம். ஈசிஜி எடுத்துத் தருகிற அந்தக் கட்டம் போட்ட தாள் சூடு பட்டால் கறுக்கும் ரகம், அதில் மை கிடையாது, மிஷினே தாளைச் சூடுபண்ணித்தான் கோடு போடுகிறது. ஏடிஎம் சீட்டு, மருந்துக் கடை பில் பலதும் இதே ஜாதி. அதைக் கொண்டுபோய்ச் சூடான தகட்டின் மேல் நிறுத்தினால் பசை பிடிக்கிற ஓரம் கறுத்துவிடும். சும்மா பையில் வைத்திருந்தாலே சில வருஷத்தில் கோடு மங்கிவிடும் என்பதால் எப்படியும் நகல் எடுத்தே ஆக வேண்டும். எல்லா ஈசிஜியையும் ஜெராக்ஸ் எடுத்து நகலைத்தான் பைண்ட் பண்ணினோம். லேமினேட் பண்ணின தாளும் ஆகாது, பசை பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் வழுக்கும். எக்ஸ்ரே ஃபிலிம் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் ஆஸ்பத்திரி ஃபைலுக்கு ஹீட் பைண்டிங்கே அவ்வளவு பொருத்தம் இல்லை, மாசா மாசம் புதுத் தாள் சேருகிறது, ஒவ்வொரு தடவையும் கடைக்கு ஓட முடியாது. பழைய வருஷங்களை மட்டும் பைண்ட் பண்ணிவிட்டு இந்த வருஷத்துக்கு ஒரு ரிங் ஃபைல் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

தொடர்கதைக் கட்டை எடுத்துக்கொண்டு மண்ணடிப் பக்கம் போனேன். மெட்ரோ வந்ததில் இருந்து இது எவ்வளவு லேசாகிவிட்டது தெரியுமா, 2021இல் விம்கோ நகர் வரைக்கும் பாதையை நீட்டினார்கள், ஏர்போர்ட்டில் ஏறினால் மாறாமல் தண்டையார்பேட்டையில் இறங்கலாம், மண்ணடி அதே பாதையில்தான் வருகிறது. முன்பெல்லாம் பெட்டியோடு ஆட்டோக்காரரிடம் மல்லுக்கட்டியே ஊர்ப் பயணம் தொடங்கும்.

அங்கே ஒரு சந்துக்குள் பழைய பைண்டிங் பட்டறை. பெரியவர் ஒருவர் கட்டை வாங்கி ஒரு தாளின் மூலையை மடித்துப் பார்த்தார், மடித்த இடத்திலேயே அது உடைந்து வந்தது. "மிஷின்ல வெச்சா ரெண்டு தபா பிரிச்சா கையோட வந்துடும்மா" என்றார். பத்திரிகைத் தாள் மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்தது, வருஷம் ஆக ஆகப் பழுப்பேறி மொறுமொறுவென்று ஆகிவிடும். சூட்டுப் பசை விளிம்பை மட்டும்தான் பிடிக்கும், பக்கத்தை விரித்துப் படிக்கும்போது முழு இழுப்பும் அந்த விளிம்பில்தான் விழும். நல்ல வெள்ளைத் தாள் அதைத் தாங்கும், இது தாங்காது. எழுத்தும் ஓரம் வரைக்கும் ஓடுகிறது, பக்கவாட்டில் தைத்தால் வரிக்கு ஒரு எழுத்தைத் தையல் விழுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் மெல்லிய காகிதப் பட்டை ஒட்டி, அந்தப் பட்டையில் நூல் தையல் போட்டு, காலிகோ துணி முதுகு வைத்துத் தருகிறேன் என்றார். முதல் வேலை, துருப்பிடித்த பின்னை எல்லாம் கழற்றுவது. என் கண் முன்னாலேயே மழுங்கின கத்தியை நுழைத்து ஒன்றை நெம்பி எடுத்தார், பின் இருந்த இடத்தில் காப்பிக் கலரில் இரண்டு புள்ளி.

பசை மைதா மாவில் காய்ச்சியது, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கொஞ்சம் போடுகிறார்கள், ஓரத்தில் வாளியில் லேசான நீலத்தில் இருந்தது. மொத்தச் செலவு ஹீட் பைண்டிங்கைப் போலப் பல மடங்கு, நான் ஊரில் இருக்கும் நாளுக்குள் முடியவும் முடியாது. சரி, அண்ணன் வாங்கி வைக்கட்டும் என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்கு மிகவும் பிடித்தது அவர் மிஷின் வேலையை மறுத்த விதம். அந்தக் கட்டை அப்படியே மிஷினில் போட்டுக் காசு வாங்கியிருந்தால் எனக்கு அப்போது தெரிந்திருக்காது.

திரும்புகிற வழியில் ஆண்டர்சன் தெருவில் நுழைந்து காலி அட்டைகள் வாங்கிக்கொண்டேன், பேப்பர் வியாபாரமும் கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் நிறைந்த தெரு என்பதால் பாக்கெட்டாகவே கிடைக்கிறது. கேட்கும்போது தாள் எண்ணிக்கையைச் சொல்லாமல் முதுகின் கனத்தை மி.மீ. கணக்கில் கேளுங்கள். வீட்டுக்குச் சின்ன மிஷின் வாங்கலாமா என்று அண்ணி கேட்டார். டியூஷன் நோட்ஸ், ப்ராஜெக்ட் என்று வாரத்துக்கு ஒன்றாவது போடுகிற வீடு என்றால் வாங்கலாம், வருஷத்துக்கு இரண்டு கட்டு என்றால் அது பரண்மேல் ஏறிவிடும், கடையே போதும். போட்டு முடித்த கட்டைக் காருக்குள் கண்ணாடி ஓரமாக வெயிலில் வைக்க வேண்டாம் என்று மட்டும் அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கம் குளிர்காலத்தில் ஹீட்டருக்கு மேல் அலமாரியில் வைத்தாலும் அதே கதி, பசைக்கு அக்னி நட்சத்திரமும் ஹீட்டரும் ஒன்றுதான். மண்ணடிப் பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு, கிளம்புகிறவர்கள் வார நாளாகப் பார்த்துப் போங்கள்.