ஜோங்தியனா, ஷாங்ரி-லாவா?

சீனாவின் யுன்னான் மாகாணத்தின் வடமேற்கு மூலையில், சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தக் கவுண்டிக்கு (மாகாணத்துக்குள் ஒரு நிர்வாகப் பிரிவு) 2001 வரை அதிகாரப்பூர்வப் பெயர் ஜோங்தியன். கோப்புக்குப் பொருந்திய சீனப் பெயர். வெளிநாட்டுப் பயணிகளிடம் அதற்குப் பெரிய மவுசு கிடையாது.

ஷாங்ரி-லா அப்படியில்லை. 1933-இல் வந்த ஓர் ஆங்கில நாவலின் கற்பனைப் பள்ளத்தாக்கு அது. 1998-இல் காடு வெட்டத் தடை வந்ததும் மரத்தை நம்பியிருந்த வருமானம் போனது. இனிச் சுற்றுலாதான் வழி. அந்தப் பெயருக்கு அக்கம்பக்கத்து ஊர்களும் மல்லுக்கட்ட, டிசம்பர் 2001-இல் ஜோங்தியன் அதைத் தட்டிச் சென்றது. இல்லாத ஊரின் பெயர் இருக்கிற ஊருக்கு!

வியாபாரத்துக்குப் புதுப்பெயர்தான் சரி. 2014-இல் கவுண்டி 'நகரம்' என்று தரம் உயர்ந்ததும் இதே பெயரில்தான். ஆனால் பழைய வரைபடமோ பயணக் குறிப்போ தேடினால் ஜோங்தியன் என்று தேடினால்தான் வேலை நடக்கும்.

என்னைக் கேட்டால், இரண்டும் வெளியிலிருந்து வந்த பெயர்கள். 1679-இல் கட்டத் தொடங்கிய சோங்சான்லின் மடாலயம் இன்றும் நிற்கும் அந்த மண்ணை, திபெத்தியர்கள் கியால்தாங் என்கிறார்கள். அந்தப் பெயர் போட்டியிலேயே இல்லை.