இடைவேளைப் பேச்சா, வாட்ஸ்அப் குழுவா, அலுவலகச் செயலியா?

"நாளைக்கு என் ஷிஃப்டை நீங்க பார்க்க முடியுமா?", "இந்த ரிப்போர்ட் ஏன் திறக்க மாட்டேங்குது?", "புது மேலாளர் வர்றாராமே?" மூன்றுமே சுற்றறிக்கையில் வராத பேச்சு. மூன்றையும் ஒரே குழுவில் கொட்டும்போதுதான் சிக்கல்.

நேர்ப்பேச்சில் அரைகுறை யோசனையையும் சொல்லிப் பார்க்கலாம். எதிரில் இருப்பவர் முகம் சுருங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அதன் எதிரி தூரம். இருக்கைகளுக்கு இடையே சுமார் 50 மீட்டர் தாண்டினால் பொறியாளர்களின் வாராந்தரப் பேச்சு மிகவும் அருகிவிடுவதை எம்.ஐ.டி.யின் தாமஸ் ஆலன் 1977-ல் எழுதினார். மேல்தளத்தில் இருப்பவரும் வீட்டிலிருந்து வேலை செய்பவரும் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். தவிர, அலுவலகத்தில் வாய்வழி பரவும் செய்தியைக் கேட்பவர் பலர், கடத்துபவர் சிலர் என்பது மேலாண்மை ஆய்வாளர் கீத் டேவிஸ் 1953-லேயே கண்டது.

ஷிஃப்ட் மாற்றத்துக்கும் 'பத்து நிமிஷம் லேட்' வகைக்கும் வாட்ஸ்அப்பை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம், எல்லோருக்கும் அழிக்க ஏறக்குறைய இரண்டரை நாள். ஸ்கிரீன்ஷாட்டுக்கு இரண்டு நொடி போதும். வேலையை விட்டுப் போனவரைக் குழுவிலிருந்து நீக்க யாருக்கும் நினைவிருக்காது. நீக்கினாலும் பழைய வாடிக்கையாளர் விவரம் அவர் போனிலேயே கிடக்கும். மேலாளரைச் சேர்த்த அன்றே அவர் இல்லாத இன்னொரு குழு பிறக்கும். (தடுக்க முனைவது வீண்.)

வேலைக் கேள்விக்கு ஸ்லாக், டீம்ஸ் போன்ற அலுவலகச் செயலிதான். பதில்கள் அந்தந்தக் கேள்விக்கடியிலேயே கோத்து நிற்கும், பிறகு தேடவும் முடியும். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் மட்டும் 90 நாளுக்கு முந்தையது கண்ணில் படாது. வெறும் 'ஹாய்' போட்டுக் காத்திருந்தால் எதிராளிக்கும் எரிச்சல். என்ன செய்தீர்கள், என்ன பிழை வந்தது, எப்போதைக்குள் வேண்டும் என்று ஒரே செய்தியில் கேளுங்கள். புலம்பலுக்கு இது இடமில்லை. 'தனிச் செய்தி' என்பது சக ஊழியரிடமிருந்துதான் தனி. டீம்ஸில் செய்திகளைக் குறிப்பிட்ட காலம் சேமித்து வைக்கும் விதியை நிறுவனம் வைத்திருந்தால், நீங்கள் அழித்ததையும் நிர்வாகி தேடி எடுக்கலாம்.

வதந்தி மூன்றிலும் ஓடும். விஷயம் முக்கியமானதாகவும் தெளிவற்றதாகவும் இருந்தால் அது பெருகும் என்று உளவியலாளர்கள் ஆல்போர்ட்டும் போஸ்ட்மேனும் 1947-ல் சூத்திரமே போட்டார்கள். முக்கியத்துவத்தைக் குறைக்க வழியில்லை, தெளிவைக் கூட்டலாம். 'வதந்தியை நம்பாதீர்கள்' என்ற அறிவிப்பு அதைச் செய்யாது. இப்படி மூன்று வரியைச் செயலியில் போட்டால் செய்யும்: "முடிவானது இது. முடிவாகாதது இது. அடுத்த தகவல் வியாழன் மாலை 4 மணிக்கு." வியாழனன்று சொல்ல ஒன்றுமில்லை என்றாலும், அதையே 4 மணிக்குப் போட வேண்டும்.