டெக்சன் பிஎல்-330: மழைச் சத்தத்துக்குக் காசு கொடுத்த கதை

சிற்றலை (ஷோர்ட்வேவ்) ரேடியோ கேட்பது என் பொழுதுபோக்கு என்று ஹட்டனில் என் கூட்டாளிமார் நாலு பேரிடம் சொன்னால், மூன்று பேர் யூடியூபைத் திறந்து காட்டுவார்கள், நாலாவது ஆள் அதில் கிரிக்கெட் ஸ்கோர் வருமா என்பான். அதனால் இந்த ரேடியோவை வாங்கி இரண்டு மாதம் மூச்சு விடவில்லை. (ஒன்லைனில் எடுத்தது. பெட்டி நசுங்கி வந்தது, விற்றவர் பதிலே போடவில்லை, அது தனிக் கதை.)

முதலில் சாமானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சட்டைப் பைக்குப் பெரிது, ஜாக்கெட் பைக்குச் சரி. எஃப்எம், மத்திய அலை, நெட்டலை, சிற்றலை எல்லாம் எடுக்கும். ஒரு பொத்தானுக்கு இரண்டு மூன்று வேலை, அதனால் பழகும்வரை கையேடு பக்கத்தில் இருக்கட்டும். நான் வாங்கியது எஸ்எஸ்பி வசதிக்காக, அதாவது ஒற்றைப் பக்கப்பட்டை என்ற முறையில் அனுப்பும் பேச்சைக் கேட்க. 7 மெகாஹேர்ட்ஸ் பக்கம் அமெச்சூர் வானொலிக்காரர்கள் பேசிக்கொள்வது சாதாரண ரேடியோவில் வாத்து கத்துகிற மாதிரித்தான் கேட்கும். இதில் எஸ்எஸ்பியைப் போட்டுச் சக்கரத்தை மெல்ல மெல்லத் திருப்பினால், ஓர் இடத்தில் வாத்து சட்டென்று மனிதக் குரலாகிவிடும். கொடுத்த காசுக்கு எனக்கு அந்த இடத்திலேயே பலன் கிடைத்துவிட்டது.

போன ஞாயிறு இதைத்தான் காட்டலாம் என்று பொழுதுபட்டதும் தேத்தண்ணிக் கடைக்குக் கொண்டுபோனேன். பகலில் சிற்றலையை உறிஞ்சிக்கொள்ளும் வானத்தின் கீழடுக்கு சூரியன் இறங்கியதும் கலைந்துவிடும், அதனால்தான் 41, 49 மீட்டர் அலைவரிசைகளில் தூரத்து நிலையங்கள் இருட்டிய பிறகு வருகின்றன என்று கொத்து ரொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து விளக்கினேன். கொத்து தீர்ந்தது. ரேடியோவில் வந்ததோ ஒரே இரைச்சல்.

"மச்சான், மழைச் சத்தம் நம்ம தகரத்துலயே ஓசியா கேக்குதே, இதுக்கா காசு குடுத்த?"

குற்றம் ரேடியோவில் இல்லை, தலைக்கு மேலே தொங்கிய எல்ஈடி பல்பில். மலிவு பல்புகளின் உள்ளே இருக்கும் சுற்று சிற்றலையை நாறடித்துவிடும். முதலாளியைக் கெஞ்சி அணைக்கவைத்தேன், பாதி இரைச்சல் போனது. வாத்து மனிதனானது. இந்தியப் பக்கத்து ஆள் யாரோ, தன் ஊர் வெப்பநிலையையும் ஏரியலின் நீளத்தையும் இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "இதையா இவ்வளவு தூரம் அனுப்புறாங்க?" என்றான் ஒருவன். எனக்குப் பதில் வரவில்லை, நியாயமான கேள்விதான்.

பிபிசி தமிழோசை 2017 ஏப்ரலோடு சிற்றலையை விட்டுப் போனதையும், சீனாக்காரர்கள் 1963இலேயே தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியதையும் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், அதற்குள் முதலாளி பல்பைப் போட்டுவிட்டார்.

போன் திருத்தும் கூட்டாளி மட்டும் ரேடியோவைக் கையில் வாங்கிப் பின்மூடியைக் கழற்றினான். "டேய், இது பிஎல்-5சி!" பழைய நோக்கியா போன்களில் இருந்த அதே பெட்டரி. அவன் கடை லாச்சியில் அது ஒரு குவியலே கிடக்கிறதாம். அன்றைக்கு என் பொழுதுபோக்கை யாராவது பத்து நிமிடம் பேசினார்கள் என்றால் அது அந்தப் பெட்டரியைப் பற்றித்தான். நல்ல விஷயமும்கூட, தீர்ந்தால் எங்கும் தேடி அலைய வேண்டியதில்லை.

தோட்டத்து லயத்திலோ தகரக் கூரை வீட்டிலோ இருப்பவர்கள் வாங்கினால் ஏரியலுக்கு ஐந்தாறு மீட்டர் வயரையும் சேர்த்து வாங்குங்கள். தகரம் அலையை உள்ளே விடாது. நான் ஜன்னல் வழியாகக் கொய்யா மரத்துக்கு இழுத்திருக்கிறேன். இடி முழங்கினால் மட்டும் உடனே கழற்றிவிடுவேன்.