மோர் வட்டமா, சூத்திரமா, அணியா?

சாக்பீஸை இரு முனையிலும் பிடித்து முறுக்கினால் அது குறுக்காக உடையாது. 45 டிகிரி சாய்வில் சுருளாக உடையும். மெல்லெஃகுக் கம்பியோ கத்தியால் நறுக்கியதுபோல் குறுக்காகவே அறும். முறுக்கு ஒன்றுதான். சாக்பீஸ் இழுவிசைக்குத் தாங்காது, இரும்பு சறுக்குத் தகைவுக்குத்தான், அதாவது தளத்தின் வழியே வழுக்கச் செய்யும் தகைவுக்குத்தான், முதலில் பணியும்; அவரவர் பலவீனம் எந்தத் தளத்தில் சிக்குகிறதோ அங்கே முறிகிறது. வேளச்சேரியில் என் டியூஷன் வகுப்பு இந்தச் சாக்பீஸோடுதான் தொடங்கும். தகைவு என்பது ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை. பொருளுக்குள் நாம் பார்க்கும் தளம் திரும்பினால் தகைவு மாறும்; அதைக் கணக்கிட மூன்று வழிகள் உண்டு: சூத்திரம், மோர் வட்டம், அணி (மேட்ரிக்ஸ்).

கோணத்தைக் கொடுத்துத் தகைவு கேட்டால் சூத்திரத்தை மிஞ்ச எதுவும் இல்லை. கோணத்தையே கேட்டால்தான் வம்பு. கிடைத்திசையில் நேர்த்தகைவு (தளத்துக்குச் செங்குத்தான தகைவு) 30, செங்குத்துத் திசையில் 90, சறுக்கு 40 மெகாபாஸ்கல் என்று வையுங்கள். கால்குலேட்டர் −26.57 டிகிரி என்று சொல்லும். பெருமத் தகைவின் தளம் அதுதான் என்று எழுதிவிட்டு மதிப்பெண் இழந்த பிள்ளைகள் பலர். அங்கே இருப்பது வெறும் 10. பெருமமான 110 இருப்பது 63.43 டிகிரியில்.

ஜெர்மன் பொறியாளர் ஓட்டோ மோர் 1882-இல் தந்த வட்டத்தில் இந்தத் தவறு நேராது. கிடை அச்சில் நேர்த்தகைவு, நெடு அச்சில் சறுக்கு; வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தளம். மையம் 60. செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள் 30 (90-க்கும் 30-க்கும் உள்ள வேறுபாட்டில் பாதி), 40 என்பதால் ஆரம் 50. முனைகள் 10, 110 என்று கண்ணுக்கே தெரிகின்றன. ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்கள் விட்டத்தின் இரு முனைகளில் நிற்பதால், அவற்றின் நேர்த்தகைவுகளின் கூட்டுத்தொகை என்றும் 120 என்பதும் விளங்கிவிடும். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுவே. வட்டத்தில் கோணம் இரட்டிப்பாகும் என்பதை மறக்கக் கூடாது. சறுக்கின் குறியை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்பதில் புத்தகங்கள் வேறுபடும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாறாமல் இருங்கள்.

ஆனால் அந்த ஒரு வட்டத்தை மட்டும் நம்பிப் பெருமச் சறுக்கு 50 என்று வடிவமைத்தால் ஆபத்து. மூன்றாம் திசையில் தகைவு சுழியம். 0 முதல் 110 வரை இன்னொரு வட்டம் இருக்கிறது, அதன் ஆரம் 55. தகைவுகளை அடுக்கிய மூன்றுக்கு மூன்று அணியின் ஐகென் மதிப்புகளை (சறுக்கே இல்லாத தளங்களின் தகைவுகளை) கண்டால் 110, 10, 0 மூன்றும் ஒருசேர வந்துவிடும், திசைகளும் உடன் வரும். மூன்று நேர்த்தகைவு, மூன்று சறுக்கு என ஆறு கூறுகளும் உள்ள முப்பரிமாணச் சிக்கலுக்கு அணியையே நாட வேண்டும். கையால் முப்படிச் சமன்பாடு தீர்ப்பது பாடுதான். வேலையிடத்தில் அதைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

தேர்வில் சூத்திரம் எழுதுங்கள், தவறில்லை. முதலில் விடைத்தாளின் ஓரத்தில் கைவாக்கில் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள்.